முதல் நாள் வசூல்

*வீடியோ கேம் கருவிகள் விற்பனைக்கு வரும் அன்று கம்பெனிகள் அள்ளி வீசும் எண்கள் எதைச் சொல்கின்றன, எதை மறைக்கின்றன?*

ஸ்டீவ் ரேஸ் மேடையில் நின்றது சில விநாடிகள்தான். "299" என்றார், இறங்கிவிட்டார். அரங்கம் ஆரவாரித்தது.

1995 மே 11. லாஸ் ஏஞ்சலீஸில் முதல் முறையாக நடந்த இ-3 வீடியோ கேம் கண்காட்சி. அதே நாள், கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் போட்டிக் கம்பெனியான சேகாவின் அமெரிக்கத் தலைவர் டாம் கலின்ஸ்கி ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டிருந்தார். செப்டம்பர் 2 அன்று வருவதாக இருந்த சேட்டர்ன் கருவி ஏற்கெனவே கடைகளுக்குப் போய்விட்டது, விலை 399 டாலர், இன்றே வாங்கலாம் என்று அறிவித்தார். சோனிக்கு நாலு மாதம் முன்னதாகவே களத்தில் இறங்கிவிடும் தந்திரம். ரேஸ் சொன்ன எண் சோனியின் ப்ளேஸ்டேஷன் விலை. வித்தியாசம் 100 டாலர், அன்றைய மதிப்பில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல். சேகாவின் தந்திரம் அந்த ஒரு எண்ணில் நமுத்துப் போனது.

அது மட்டுமல்ல. சேகா அனுப்பிய 30,000 கருவிகளும் போனது நாலே நாலு சங்கிலிக் கடைகளுக்கு. மற்ற கடைக்காரர்கள் கொதித்தார்கள். கேபி டாய்ஸ் நிறுவனம் சேட்டர்னை விற்கவே மாட்டோம் என்று ஒதுக்கிவிட்டது. செப்டம்பரைக் குறிவைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த விளையாட்டுத் தயாரிப்பாளர்கள் கையைப் பிசைந்தார்கள். கருவி வந்துவிட்டது, அதில் போட்டு ஆடத்தான் சரக்கு இல்லை. ஜப்பானில் இருந்த தலைவர் ஹயாவோ நகயாமாவின் பிடிவாதம்தான் காரணம், கலின்ஸ்கிக்கு இதில் இஷ்டமே இல்லை என்பது பின்னால் வெளிவந்த சமாச்சாரம். செப்டம்பர் 9 அன்று ப்ளேஸ்டேஷன் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது அதற்கு ஒரு லட்சத்துக்கு மேல் முன்பதிவு ஆகியிருந்தது. மே மாதத்திலிருந்து சேட்டர்ன் விற்ற மொத்த எண்ணிக்கையை அது இரண்டே நாளில் தாண்டியது.

ஜெயித்த கட்சி எது?

வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஆறு மாதம் முன்பு ஜப்பானில் நடந்த முதல் சுற்றில் ஜெயித்தது சேகா. 1994 நவம்பர் 22 அன்று 44,800 யென் விலையில் சேட்டர்ன் அங்கே வெளியானது. முதல் தவணையாகக் கடைகளுக்குப் போன சுமார் இரண்டு லட்சம் கருவிகளும் அன்றே காலி. சேகாவின் 'வர்ச்சுவா ஃபைட்டர்' சண்டை விளையாட்டுதான் கூட்டத்தை இழுத்தது. கருவி வாங்கிய ஏறக்குறைய எல்லோருமே அதையும் சேர்த்து வாங்கினார்கள். டிசம்பர் 3 அன்று 39,800 யென்னுக்கு வந்த ப்ளேஸ்டேஷனின் முதல் நாள் விற்பனை ஒரு லட்சம். வருடக் கடைசியில் சேகா ஐந்து லட்சம், சோனி மூன்று லட்சம். கணக்குப் புத்தகத்தை அங்கேயே மூடியிருந்தால் ஜெயித்த கட்சி சேகாதான்.

மூடவில்லை. கடைசிக் கணக்கில் ப்ளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டியது. சேட்டர்ன் 92.6 லட்சத்தோடு நின்றது. வீடியோ கேம் கருவி விற்றுப் பழக்கமே இல்லாத கம்பெனி சோனி. 1991ல் நின்டெண்டோவோடு கூட்டு சேரப் போய், சிகாகோ கண்காட்சியில் அந்தக் கூட்டணியை அறிவித்த மறுநாளே நின்டெண்டோ ஃபிலிப்ஸ் கம்பெனியோடு கைகோத்துக்கொள்ள, அவமானத்தோடு திரும்பிய கம்பெனி. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் ப்ளேஸ்டேஷன் என்றால் மிகையில்லை.

திரைப்பட விநியோகஸ்தர்களுக்குத் தெரியும், முதல் நாள் முதல் காட்சிக் கூட்டத்தை வைத்து வெள்ளி விழாவுக்குப் பந்தல் போட முடியாது. வீடியோ கேம் வியாபாரத்திலோ கருவி வெளியான 24 மணி நேரத்துக்குள் பத்திரிகை அறிக்கை வந்துவிடும்: இத்தனை லட்சம் விற்றது, வரலாறு காணாத வெற்றி! இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. கருவியில் கம்பெனிக்குப் பெரிய லாபம் கிடையாது, பல நேரம் நஷ்டத்துக்கே விற்கிறார்கள். பணம் வருவது விளையாட்டுகளில். வெளித் தயாரிப்பாளர் விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் கருவிக் கம்பெனிக்குக் கப்பம் உண்டு. அந்தத் தயாரிப்பாளர் எந்தக் கருவிக்கு விளையாட்டு எழுதுவார்? எது அதிக வீடுகளில் இருக்கிறதோ அதற்கு. வாடிக்கையாளர் எதை வாங்குவார்? எதற்கு அதிக விளையாட்டுகள் உண்டோ அதை. ஆகவே 'எங்களிடம்தான் கூட்டம்' என்று நம்பவைப்பது விளம்பரத்தில் பாதி.

கடைக்குப் போனதா, வீட்டுக்குப் போனதா?

இந்த எண்களில் முதல் சிக்கல், 'விற்றது' என்ற சொல். கம்பெனி தன் கிடங்கிலிருந்து கடைக்கு அனுப்பியவுடன் அதன் கணக்கில் விற்பனை முடிந்தது. கடையிலிருந்து வாடிக்கையாளர் கைக்குப் போவது வேறு கணக்கு. அதைச் சந்தை ஆய்வு நிறுவனங்கள் கடைகளின் விற்பனை விவரத்தைத் திரட்டி மதிப்பிடுகின்றன. ஒரு கம்பெனி முதல் கணக்கையும் இன்னொன்று இரண்டாவதையும் சொன்னால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

இரண்டாவது சிக்கல் பெரியது. வெளியீட்டு நாளில் கருவி பெரும்பாலும் தீர்ந்துபோய்விடும். தீர்ந்துபோன பிறகு அந்த எண் ஜனங்களின் ஆசையை அளப்பதில்லை, தொழிற்சாலையின் திறனைத்தான் அளக்கிறது. நின்டெண்டோ 64 கருவி அமெரிக்காவுக்கு வந்த 1996 செப்டம்பரில் மூன்று நாளில் மூன்றரை லட்சம் போனது. ஆனால் அது குறுந்தகட்டுக்குப் பதில் விலை அதிகமான கார்ட்ரிட்ஜையே பிடித்துக்கொண்டிருந்ததால் ஸ்கொயர் போன்ற முக்கியத் தயாரிப்பாளர்கள் சோனி பக்கம் சாய்ந்தார்கள். 'ஃபைனல் ஃபேன்டஸி' வரிசையின் ஏழாவது விளையாட்டு 1997 ஜனவரியில் ப்ளேஸ்டேஷனுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆறும் நின்டெண்டோ கருவிகளில் வெளிவந்தவை. இது எந்த வெளியீட்டு நாள் கணக்கிலும் தெரியாத விஷயம்.

9-9-99

முதல் நாள் எண் எவ்வளவு பொய் சொல்லும் என்பதற்கு ட்ரீம்காஸ்டைவிட நல்ல சாட்சி இல்லை.

சேட்டர்னில் சூடுபட்ட சேகா, அடுத்த கருவியைப் பார்த்துப் பார்த்துச் செய்தது. 1998 நவம்பர் 27 அன்று ஜப்பானில் வெளியீடு. படம் வரையும் சிப்புகள் போதுமான அளவு தயாராகாததால் கிடைத்தது சுமார் ஒன்றரை லட்சம் கருவிகள்தான். எல்லாம் அன்றே தீர்ந்தன. பெட்டி இருந்திருந்தால் இன்னும் விற்றிருக்கும். ஆனால் பெட்டி வந்துசேர்ந்தபோது அந்த வேகம் ஆறிவிட்டது. 1999 மார்ச் மாதம் சோனி தன் அடுத்த கருவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. பழைய ப்ளேஸ்டேஷன் விளையாட்டுகளையும் ஓட்டும், டி.வி.டி. படமும் காட்டும் என்றார்கள். காத்திருப்போமே என்று ஜப்பானிய வாடிக்கையாளர் பர்ஸை மூடிக்கொண்டார்.

அமெரிக்காவில் சேகா தேதியையே விளம்பரமாக்கியது: 1999ஆம் வருடம் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதி. விலை 199 டாலர். தயாராக 18 விளையாட்டுகள். இணையத்தோடு இணைக்க உள்ளேயே மோடம், அப்போது எந்தப் போட்டியாளரும் தராத வசதி. 24 மணி நேரத்தில் விற்ற கருவிகள் 2,25,132. வசூல் 9.84 கோடி டாலர். அதே வருடம் மே மாதம் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் முதல் நாள் அமெரிக்க வசூல் 2.85 கோடி டாலர்தான். பொழுதுபோக்கு விற்பனை வரலாற்றிலேயே மிகப் பெரிய 24 மணி நேரம் என்று சேகா கொண்டாடியது. இரண்டு வாரத்தில் ஐந்து லட்சத்தைக் கடந்தது.

இந்த வெளியீட்டுக்குத் திட்டம் போட்ட அமெரிக்கத் தலைவர் பெர்னி ஸ்டோலர் அதைப் பார்க்கப் பதவியில் இல்லை. சில வாரங்களுக்கு முன்புதான் அவரை அனுப்பியிருந்தார்கள். அமெரிக்காவின் பெரிய விளையாட்டுத் தயாரிப்பாளரான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ட்ரீம்காஸ்ட் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. 2000ஆம் வருடம் திருட்டுத் தட்டுகளும் சேர்ந்துகொண்டன.

அந்த மார்ச் 4 அன்று ஜப்பானில் ப்ளேஸ்டேஷன் 2 வந்தது. முதல் வாரக் கடைசியில் ஏறக்குறைய 9.8 லட்சம் விற்பனை. டி.வி.டி. பிளேயர் வாங்கப் போனவர்களும் இதை வாங்கினார்கள், தனி பிளேயர்கள் பலவற்றைவிட இது மலிவு. அக்டோபர் 26 அன்று அமெரிக்காவில் பத்து லட்சம் தருவதாகச் சொல்லியிருந்த சோனி, உதிரிப் பாகங்கள் கிடைக்காமல் பாதியைத்தான் தந்தது. சேகாவுக்கு இது லாட்டரி விழுந்த மாதிரி. எதிரி கடையில் சரக்கு இல்லை, தன் கருவி விலையோ 149 டாலர். அப்படியும் ஜனங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. கிடைக்காத ப்ளேஸ்டேஷனுக்காகக் காத்திருந்தார்களே தவிர, கையில் கிடைத்த ட்ரீம்காஸ்டை வாங்கவில்லை.

2001 ஜனவரி 31 அன்று சேகா கையை விரித்தது. மார்ச் 31க்குப் பிறகு ட்ரீம்காஸ்ட் கிடையாது, இனிக் கருவியே செய்வதில்லை. கடனில் தத்தளித்த கம்பெனிக்குத் தலைவர் இசாவோ ஒகாவா தன் சொந்தப் பங்குகளில் சுமார் 69.5 கோடி டாலர் மதிப்புள்ளவற்றைத் தானமாகக் கொடுத்தார். மார்ச் 16 அன்று இறந்தும் போனார். ட்ரீம்காஸ்டின் மொத்தக் கணக்கு 91.3 லட்சம், தோல்வி என்று எழுதப்பட்ட சேட்டர்னைவிடக் குறைவு. பாதிதான் சரக்கோடு வந்த ப்ளேஸ்டேஷன் 2 கடைசியில் 16 கோடியைத் தொட்டது. இன்றுவரை வேறு எந்த வீட்டு வீடியோ கேம் கருவியும் அந்த உயரத்தை எட்டவில்லை. சேகாவின் செல்லப் பிள்ளையான நீல முள்ளெலி சோனிக், அதே 2001 டிசம்பரில் பரம எதிரி நின்டெண்டோவின் கருவியில் ஓட ஆரம்பித்தது.

பத்து லட்சமும் பத்து லட்சமும்

2006ல் சோனிக்கே சோதனை. ப்ளேஸ்டேஷன் 3ன் அமெரிக்க விலை 499, 599 டாலர். நீல லேசர் டயோடு தட்டுப்பாட்டால் நவம்பர் 11 அன்று ஜப்பானுக்குக் கிடைத்தது சுமார் ஒரு லட்சம் கருவிகள். ஐரோப்பா அடுத்த மார்ச் வரை காத்திருந்தது. இந்தியாவுக்கு 2007 ஏப்ரலில் வந்தபோது விலை 39,990 ரூபாய், அன்றைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் விலை. நின்டெண்டோவின் வீ கருவியோ 249 டாலர். கையை வீசி டென்னிஸ் ஆடலாம் என்பதால் தாத்தா பாட்டிகளும் வாங்கினார்கள். டிசம்பர் 2 அன்று ஜப்பானில் வெளியாகி இரண்டே நாளில் 3.7 லட்சம் போனது. கடைசிக் கணக்கு: வீ 10.16 கோடி, ப்ளேஸ்டேஷன் 3 சுமார் 8.74 கோடி. நாலு பங்கு இடைவெளியில் தொடங்கிய ஓட்டம் இவ்வளவு நெருங்கி முடிந்தது. வீயின் வாரிசான வீ யூ 2012 நவம்பரில் அமெரிக்காவில் முதல் வாரமே நாலு லட்சம் விற்றது. நல்ல தொடக்கம்தான். ஆனால் உலகம் முழுவதும் 1.36 கோடியைத் தாண்ட முடியாமல் படுத்துவிட்டது.

2013 நவம்பர் இன்னும் சுவாரஸ்யம். 15ஆம் தேதி வந்த ப்ளேஸ்டேஷன் 4 ஒரே நாளில் பத்து லட்சம் என்றது சோனி. 22ஆம் தேதி வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் ஒரே நாளில் பத்து லட்சம் என்றது மைக்ரோசாஃப்ட். சமநிலை என்றுதானே தோன்றும்? சோனியின் பத்து லட்சம் அமெரிக்கா, கனடா இரண்டு நாடுகளில் மட்டும். மைக்ரோசாஃப்டின் பத்து லட்சம் 13 நாடுகளில். விலையிலும் எக்ஸ்பாக்ஸ் 100 டாலர் அதிகம். 2015ல் மைக்ரோசாஃப்ட் கருவி விற்பனை எண்ணிக்கையை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது. பிறகு பிரேசில் அரசு அமைப்பிடம் அது சமர்ப்பித்த ஆவணம் ஒன்று 2022ல் வெளிச்சத்துக்கு வந்தது. ப்ளேஸ்டேஷன் 4 விற்றதில் பாதிகூட எக்ஸ்பாக்ஸ் ஒன் விற்கவில்லை என்பது அதில் தெரிந்தது.

கடைசியாக 2025 ஜூன் 5. நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 நாலு நாளில் 35 லட்சம். தட்டுப்பாடு வந்துவிடக் கூடாது என்று நின்டெண்டோ முன்னதாகவே சரக்குச் சேர்த்து வைத்திருந்தது. அப்படியும் ஜப்பானில் குலுக்கல் முறையில் வாங்க விண்ணப்பித்தவர்கள் மட்டும் 22 லட்சம் பேர். ஜப்பானிய மொழி மட்டும் காட்டும் கருவிக்கு 49,980 யென் என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தனி விலை. அமெரிக்காவில் 449.99 டாலர் கொடுத்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. 2026 மார்ச்சுடன் முடியும் நிதியாண்டுக்கு 1.5 கோடி என்று முதலில் இலக்கு வைத்த நின்டெண்டோ, 2025 நவம்பரில் அதை 1.9 கோடியாக உயர்த்தியது. செப்டம்பர் வரை ஒரு கோடிக்கு மேல் போயிருந்தது.