ஊசி முனையில் ஒட்டிய செல்லும் உண்மை சொல்லும், தெரியுமா?

தைராய்டில் தோன்றும் கட்டிகளில் நூற்றுக்கு 7 முதல் 15 வரைதான் புற்றுநோய், தெரியுமா? மற்றதெல்லாம் பரம சாது! எது சாது, எது கொடியது என்று பார்க்கத்தான் மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனை.

ஆனால் மைக்ரோஸ்கோப்பே திணறும் கட்டிகளும் உண்டு! ஃபாலிக்குலர் வகையில் சாதுக் கட்டியின் செல்லும் புற்றுநோய்க் கட்டியின் செல்லும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். கட்டி தன் உறையைத் துளைத்திருக்கிறதா, ரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்பதில்தான் வித்தியாசமே. ஊசியில் வரும் சில செல்களில் உறை எங்கே தெரியும்? அதனால் பாதித் தைராய்டை வெட்டியெடுத்துப் பார்ப்பதே பல ஆண்டுகளாக வழக்கம். பார்த்தால், பெரும்பாலானவை சாது! வீணாக ஆபரேஷன், கழுத்தில் தழும்பு, சிலருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை. எவ்வளவு பெரிய கொடுமை!

இங்கேதான் மரபணு கைகொடுக்கிறது. பிராஃப் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், அது உருவாக்கும் புரதத்தின் 600-வது இடத்தில் வேலினுக்குப் பதில் குளூட்டமிக் அமிலம் வந்து உட்கார்ந்துவிடும். ஊசியில் வந்த செல்லில் இந்த மாற்றம் இருந்தால் அது ஏறக்குறைய நிச்சயமாகப் பாப்பில்லரி வகைத் தைராய்டு புற்றுநோய்! மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலும் இதே எழுத்துதான் மாறுகிறது என்பது இன்னும் வியப்பு. தைராய்டு புற்றுநோயில் பிராஃபோடு டெர்ட் மரபணுவும் மாறியிருந்தால் நோயின் வேகம் கூடும்.

ராஸ் மரபணுவோ சாதுக் கட்டியிலும் மாறியிருக்கும்! ஒற்றை மரபணுவை நம்ப முடியாது என்பதால், 2012-ல் அமெரிக்காவில் 167 மரபணுக்களின் செயல்பாட்டைச் சேர்த்துப் பார்க்கும் சோதனையின் முடிவு வெளியானது. முடிவு தெரியாமல் நின்ற 265 கட்டிகளில் 85 புற்றுநோய். அவற்றில் 78-ஐ அது சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிட்டது. சாதுக் கட்டிகளில் கிட்டத்தட்டப் பாதியையும் அது சந்தேகித்தது உண்மைதான். ஆனாலும் மீதிப் பாதிக்குக் கத்தியே வேண்டாம், ஸ்கேனில் கண்காணித்தால் போதும் என்றானதே, அது சாதாரணமா? அடுத்து வந்த, 112 மரபணுக்களை அலசும் சோதனை இன்னும் துல்லியம். விலைதான் பல ஆயிரம் டாலர். அது இறங்கியே ஆக வேண்டும்.

ஒரு கட்டியின் பெயரிலிருந்தே 'புற்றுநோய்' என்ற சொல்லை நீக்கிய கதை தெரியுமா? உறைக்குள் அடங்கிக் கிடந்த ஒரு வகைக் கட்டி கொண்ட 109 பேரைப் பத்தாண்டுக்கும் மேல் கவனித்தார்கள். ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை! 2016-ல் பெயரை மாற்றினார்கள்.

கட்டியே வராத குழந்தைக்கும் மரபணு முன்கூட்டிச் சொல்லும்! மெடுல்லரி வகைப் புற்றுநோய் சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். 1993-ல் அதற்குக் காரணமான ரெட் மரபணு மாற்றம் பிடிபட்டது. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு சரிபாதி. ரத்தத்தில் தென்பட்டால், புற்றுநோய் முளைக்கும் முன்பே தைராய்டை எடுத்துவிடுகிறார்கள். தென்படாத பிள்ளைக்கு அந்தப் பரம்பரை நோயைத் தேடும் சோதனைகள் இனி எதுவுமே தேவையில்லை!