ஸ்பிதிக்குப் புறப்படுகிறீர்களா? இதெல்லாம் தெரியுமா!

சதுர கிலோமீட்டருக்கு இரண்டே பேர் வாழும் மாவட்டம் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது, தெரியுமா? பரப்பளவு 13,841 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை வெறும் 31,564! இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதிதான் அது. அதில் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குத் தலைமை ஊர் காஜா. ஆற்றங்கரையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,650 மீட்டர் உயரத்தில், கடைத்தெரு, மருத்துவமனை, பெட்ரோல் பங்க் எல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊர்!

இங்கே காணப்போகும் ஒவ்வோர் அதிசயத்துக்கும் பின்னால் இரண்டே காரணங்கள்தாம்: உயரம், வறட்சி. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் போதும், பயணத் திட்டம் தானாகவே அமைந்துவிடும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

ஊரெல்லாம் மழை, இங்கே வெயில்! எப்படித் தெரியுமா?

ஜூலை, ஆகஸ்டில் மணாலியில் குடை இல்லாமல் வெளியே வர முடியாது. அதே நாளில் காஜாவில் நீல வானம்! தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மேகங்களைத் தெற்கே நிற்கும் மலைத்தொடர்களே பிழிந்து எடுத்துவிடுகின்றன. அவற்றுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஸ்பிதிக்கு மிஞ்சுவது வறண்ட காற்றுதான். அதனால்தான் இது குளிர் பாலைவனம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஊரில் மழை இல்லை என்றாலும், ஊருக்குப் போகும் சாலை மழை பெய்யும் மலைகளைத் தாண்டித்தான் வருகிறது. மழை மாதங்களில் நிலச்சரிவு அங்கேதான் வழியை மறிக்கும். ஜூன் பிற்பகுதியும், செப்டம்பர் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரையிலான நாள்களும் அருமையானவை. ஜூலை, ஆகஸ்டில் போவதானால் கையிருப்பாக இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். காஜாவின் புகழ்பெற்ற லாதர்ச்சா சந்தைத் திருவிழா ஆகஸ்டில்தான் நடக்கும்!

நீளமான சாலைதான் நல்ல சாலை, தெரியுமா?

காஜாவுக்கு இரண்டு வழிகள். மணாலியிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். ஷிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகச் சுமார் 420 கிலோமீட்டர். யாராக இருந்தாலும் 200-ஐத்தானே தேர்ந்தெடுப்போம்? அங்கேதான் உயரம் குறுக்கே வருகிறது!

3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. இப்போது கணக்குப் போடுங்கள். மணாலி 2,050 மீட்டர். அங்கிருந்து 2020 அக்டோபர் 3-ல் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதையைக் கடந்து, குன்சும் கணவாயில் சுமார் 4,550 மீட்டருக்கு ஏறி, அன்றிரவே காஜாவில் இறங்கினால் ஒரே தாவலில் 1,600 மீட்டர்! உடல் பாவம், என்ன செய்யும்?

கின்னௌர் வழியைப் பாருங்கள். ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே கல்பா 2,960 மீட்டர். அடுத்த இரவு தாபோ 3,280. அதற்கடுத்து காஜா 3,650. ஒரு நாளைக்கு 320, மறுநாள் 370! படிக்கட்டு கட்டி வைத்ததுபோல் அமைந்த பாதை! இடையில் வரும் நாகோ ஏரிக்கரை 3,660 மீட்டர். அங்கே மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு தாபோவுக்கு இறங்கித் தூங்குவது இன்னும் நல்லது. ஏறுவது ஷிம்லா வழி, இறங்குவது மணாலி வழி. இதுதான் பொன்னான திட்டம்!

குன்சும் கணவாய் பனி விலகி மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும். அக்டோபர், நவம்பரில் மூடிவிடும். கின்னௌர் சாலை பனிப்பொழிவு நாள்களைத் தவிர ஆண்டு முழுதும் ஓடும்.

தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதிக்கும், தெரியுமா?

காஜாவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். அதனால் தண்ணீர் 88 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கிறது, ஆனால் பருப்பு வேகாது! குக்கர் இல்லாத சமையலறையை இங்கே நினைத்தே பார்க்க முடியாது.

அதே காற்றைத்தான் நீங்களும் சுவாசிக்கிறீர்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே ஏறாமல் ஓய்வெடுங்கள். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கீழே இறங்குங்கள். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். உயர்மலை நோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரையையும் அவர் சொன்னால் மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

4,400 மீட்டர் உயரத்தில் கடல் பிராணிகள்! அரியலூருக்கும் அதற்கும் என்ன உறவு தெரியுமா?

காஜாவுக்கு மேலே லாங்சா என்றொரு சிற்றூர். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி பிரம்மாண்டமான புத்தர் சிலை. அந்தப் புத்தரின் காலடியில் உள்ள கருங்களிப் பாறைகளில் சுருள் சுருளாக அம்மோனைட் என்ற கடல் பிராணியின் ஓடுகள்! சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்தது டெதிஸ் கடல். இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியபோது அந்தக் கடலடி மடிந்து, எழும்பி, இமயமாகிவிட்டது.

இந்தப் பாறைக்கு உலகப் புவியியல் நூல்களில் பெயரே 'ஸ்பிதி ஷேல்'. இதே பாறை நேபாளம் வரை நீள்கிறது. அங்கே கண்டகி நதி உருட்டிக் கொண்டுவரும் அம்மோனைட்தான் நம் பூஜை அறைகளில் இருக்கும் சாளக்கிராமம்!

இன்னும் கேளுங்கள். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்ற மொராவிய அறிஞர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக 1864-ல் ஸ்பிதி மலைகளில் ஏறி இந்தப் பாறைகளை ஆராய்ந்தார். திருச்சி, அரியலூர்ப் பகுதிகளில் கிடைத்த கடல் புதைபடிவங்களை வகைப்படுத்திப் பெரும் தொகுதிகளாக எழுதியவரும் அவரே! 1874-ல் காரகோரம் கணவாயைக் கடந்து திரும்பும் வழியில், 36 வயதில், லடாக்கில் உயிரிழந்தார். லே நகரில் அவர் கல்லறை இருக்கிறது. அவர் உயிரைப் பறித்தது உயர்மலை நோய்தான் என்பது பின்னாளில் ஆராய்ந்த பலரின் கருத்து. மலையை அவ்வளவு அறிந்தவருக்கே அந்தக் கதி என்றால், நாம் எவ்வளவு நிதானமாக ஏற வேண்டும்!

லாங்சாவில் புதைபடிவங்களைப் பார்த்து மகிழுங்கள். எடுக்காதீர்கள், விலைக்கு வாங்கவும் வேண்டாம். வாங்க ஆள் இருக்கும்வரை தோண்டவும் ஆள் இருப்பார்கள்.

மண்ணால் கட்டிய கோயில் ஆயிரம் ஆண்டு நிற்குமா? நிற்கிறதே!

தாபோ மடாலயம் நிறுவப்பட்டது 996-ல். குகே நாட்டு அரசர் யேஷே ஓ எழுப்பினார். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மண்சுவர். உள்ளே நுழைந்தால் மூச்சு நின்றுவிடும்! சுற்றுச்சுவரெங்கும் களிமண்ணில் வடித்த முப்பதுக்கும் மேற்பட்ட தெய்வ உருவங்கள், நடுவே நான்கு திசையும் நோக்கும் வைரோசன புத்தர், சுவரெல்லாம் ஓவியங்கள். 'இமயத்தின் அஜந்தா' என்று சும்மாவா சொல்கிறார்கள்?

மழை பெய்யாததால்தான் மண் கரையவில்லை. அண்மைக் காலத்தில் மழை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருப்பதுதான் இந்த ஓவியங்களுக்குப் பெரும் கவலை. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை; ஒரு டார்ச் விளக்கு கொண்டுபோனால் கண்ணாரக் காணலாம்.

தாமாகவே பதப்பட்ட துறவி, தெரியுமா?

தாபோவுக்குப் போகும் வழியில் சாலையிலிருந்து பிரிந்தால் கியூ கிராமம். 1975-ல் நிகழ்ந்த கின்னௌர் நிலநடுக்கத்தில் பழைய தூபி ஒன்று பிளந்தது. உள்ளே உட்கார்ந்த நிலையில் ஒரு துறவியின் உடல்! தலைமுடியும் பற்களும் அப்படியே! ஏறத்தாழ 500 ஆண்டுப் பழைமை என்று ஆய்வுகள் சொல்கின்றன. எகிப்தைப் போல மருந்து பூசிச் சுற்றி வைத்ததில்லை. கடுந்தவமும் வறண்ட குளிர்காற்றும் சேர்ந்து காத்த உடல். ஊரார் அவரைத் தெய்வமாக வணங்குகிறார்கள்; செருப்பைக் கழற்றி, குரலைத் தாழ்த்தி உள்ளே போங்கள்.

மனிதர் வயிற்றில் கல்லை உடைக்கும் சடங்கு, தெரியுமா?

ஸ்பிதியின் பழைய தலைநகரம் தன்கர். 3,894 மீட்டர் உயரத்தில், அரித்து அரித்துக் கூர்மையான மண் முகட்டில் தொற்றி நிற்கும் மடாலயம்! அழியும் ஆபத்தில் உள்ள 100 நினைவுச்சின்னங்களின் பட்டியலில் உலக நினைவுச்சின்ன நிதியம் 2006-ல் இதைச் சேர்த்தது. கீழே 'பின்' என்ற ஆறு ஸ்பிதி ஆற்றோடு கலப்பது முழுக் காட்சியாகத் தெரியும்.

அந்தப் பின் பள்ளத்தாக்கில்தான் புச்சென் என்ற நாடோடிக் கலைஞர்-பூசாரிகள் இருக்கிறார்கள். ஒருவரைப் படுக்க வைத்து, அவர் வயிற்றின் மேல் பாறையை ஏற்றி, ஓங்கி அடித்து உடைப்பார்கள். தீய சக்தி அந்தக் கல்லோடு நொறுங்குவதாக நம்பிக்கை. படுத்தவர் எழுந்து நடந்து போவார்! சுற்றிலும் இருப்பது 1987-ல் அமைந்த பின் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா. ஐபெக்ஸ் ஆடுகளும் பனிச்சிறுத்தையும் உலவும் இடம்.

பகலில் ஏறு, இரவில் இறங்கு! அப்போது எதையெல்லாம் பார்க்கலாம் தெரியுமா?

காஜாவில் ஒரு நாள் சும்மா ஓய்வெடுத்துவிட்டு மேலே கிளம்புங்கள். 4,166 மீட்டரில் கீ மடாலயம்: பலமுறை தாக்கப்பட்டு, எரிந்து, ஒவ்வொரு முறையும் அடுக்கடுக்காகத் திரும்ப எழுந்த கட்டடம். 2000-ல் தலாய் லாமா இங்கே காலசக்கரச் சடங்கை நடத்தினார். அதற்கு மேலே கிப்பர். இந்த ஊரார் 1990-களில் தங்கள் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டு ஆடுகளுக்காக ஒதுக்கி வைத்தார்கள். காட்டு ஆடு பெருகினால் பனிச்சிறுத்தைக்கு இரை. அதன் கண் வீட்டு ஆட்டின் மேல் விழாது! இன்று பனிச்சிறுத்தையைப் பார்க்கவே குளிர்காலத்தில் உலகெங்கும் இருந்து கிப்பருக்கு வருகிறார்கள்.

கிப்பருக்கு எதிர்க்கரை சிச்சம். இடையே அடி தெரியாத மலைப்பிளவு. 2017-ல் பாலம் திறக்கும்வரை, கம்பியில் தொங்கும் கூடையில் உட்கார்ந்து கையால் இழுத்துத்தான் மக்கள் கடந்தார்கள்! இன்னொரு பக்கம் 4,440 மீட்டரில் ஹிக்கிம் அஞ்சலகம், 1983 முதல் இயங்குகிறது. உலகின் மிக உயரமான அஞ்சலகங்களில் ஒன்று. வீட்டு முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகுதான் அது வந்து சேரும்! அதற்கும் மேலே 4,587 மீட்டரில் கோமிக். எல்லாவற்றையும் பகலில் பார்த்துவிட்டு இரவுக்குக் காஜாவுக்கே இறங்கிவிடுங்கள்.

பிரிந்த தண்ணீர் எங்கே சேர்கிறது தெரியுமா?

திரும்பும் வழியில் குன்சும் கணவாயில் ஓட்டுநர்கள் கோயிலை வலம் வந்துதான் வண்டியை எடுப்பார்கள். அந்த இடம் ஒரு நீர்ப்பிரி மேடு. கிழக்கே உருகும் பனி ஸ்பிதி ஆறாகி, காப் என்ற இடத்தில் சட்லஜில் சேர்கிறது. மேற்கே உருகுவது சந்திரா ஆறாகி, தாண்டியில் பாகா ஆற்றோடு கலந்து செனாப் ஆகிறது. ஒரே கணவாயில் பிரிந்த இரண்டும் பஞ்சாப் சமவெளியையெல்லாம் கடந்து, பாகிஸ்தானின் பஞ்சநத்தில் மீண்டும் கைகோக்கின்றன! அருகிலேயே சந்திரதால் ஏரி, 2005 முதல் ராம்சர் ஈரநிலம். கரையில் கூடாரம் போட அனுமதியில்லை; தள்ளியுள்ள முகாம்களில் தங்கி நடந்து போகலாம்.

கிராமத்து வீட்டில் தங்கினால் என்ன கிடைக்கும் தெரியுமா?

பனியாற்றுத் தண்ணீரைக் 'கூல்' எனும் வாய்க்கால்களில் கிலோமீட்டர் கணக்கில் இழுத்து வந்து பார்லியும் பட்டாணியும் விளைவிக்கிறார்கள். நிலமோ கொஞ்சம். துண்டு போட்டால் யாருக்கும் பிழைப்பில்லை. அதனால் வழிவழியாக மூத்த மகனுக்கே பெரிய வீடும் வயலும்; அவர் பொறுப்பேற்றதும் பெற்றோர் சிறிய வீட்டுக்குப் போய்விடுவார்கள்; இளையவர்கள் மடாலயம் சேர்வார்கள். இங்கே தண்ணீர் அவ்வளவு அருமை. உலர் கழிப்பறையில் மண்ணைத் தூவுவதுதான் முறை. அது எருவாகி வயலுக்குப் போகும். முகம் சுளிக்காமல் பழகிக்கொள்ளுங்கள். பதிலுக்குச் சூடான துக்பா எனும் நூடுல்ஸ் சூப்பும் வெண்ணெய்த் தேநீரும், அடுப்பைச் சுற்றிக் கேட்கக் கதைகளும் கிடைக்கும்!

கடைசியாக, பைக்குள் என்ன இருக்க வேண்டும் தெரியுமா?

ரொக்கப் பணம், அடையாள அட்டை, வெயில் கண்ணாடி, கோடையிலும் கனத்த கம்பளி உடை. சொந்த வண்டி என்றால் நிரம்பிய டேங்க். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினர் உடன் வந்தால், கின்னௌர் வழிக்கு அவர்களுக்கு எல்லைப்பகுதி அனுமதிச் சீட்டு வேண்டும். ஷிம்லாவிலோ ரெக்காங் பியோவிலோ பெறலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நாள்கள்தாம். கல்பாவில் ஓர் இரவு, தாபோவில் ஓர் இரவு, காஜாவில் ஒரு நாள் ஓய்வு. இந்த மூன்றையும் மிச்சம் பிடித்தவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு அறையில் படுத்திருப்பார்கள். கொடுத்தவர்கள் லாங்சாவில் கடலடியைத் தொட்டுக்கொண்டிருப்பார்கள். ஆகவே முதலில் விடுப்பு விண்ணப்பத்தில் மூன்று நாளைக் கூட்டி எழுதுங்கள். டிக்கெட்டெல்லாம் அப்புறம்!