விழி மங்கினால் வழி உண்டு!

விழிதியூர்! காரைக்கால் பகுதியில் உள்ள ஊர். பெயரின் தொடக்கத்திலேயே "விழி" இருக்கிறது.

இந்தக் காவிரிக் கடைமடைப் பகுதியில், வயதானவர்களிடம் கண்ணைப்பற்றிக் கேட்டுப் பாருங்கள். "புகை படிந்தாற்போல் தெரிகிறது. வயதாகிவிட்டது, என்ன செய்வது?" என்பார்கள்.

பெரும்பாலும் அது கண்புரை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப் போவதே இந்த நோய். மருந்தால் கரையாது. ஆனால், சிறு ஆபரேஷன் செய்து அதை எடுத்துவிட்டு, செயற்கை லென்ஸ் வைக்கலாம். பார்வை திரும்பும்!

முடங்கிய விரல்கள்

இந்தச் சிகிச்சையை ஏழைகளின் ஊருக்கே கொண்டு சென்றவர்களில் ஒருவர், டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918-ல் வடமலாபுரம் கிராமத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே மூட்டுவாதம் தாக்கியது. விரல்கள் கோணிவிட்டன. அந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகினார். ஒரு லட்சம் ஆபரேஷன்களுக்குமேல் செய்தார்!

1976-ல், 58-வது வயதில், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். வீட்டில் சாய்ந்து உட்காரவில்லை. மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். வசதி உள்ளவர்கள் கட்டணம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் இல்லாதவர்களுக்கும் சிகிச்சை நடந்தது. 2003-ல் புதுச்சேரியிலும் அரவிந்த் ஆஸ்பத்திரி வந்தது. 2006-ல் டாக்டர் மறைந்தார். அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை.

பஸ்சுக்குக் காசு?

சிகிச்சை இலவசம் என்று சொன்ன பிறகும் பலர் வரவில்லை. காரணம் என்ன? பஸ்சுக்குக் காசு இல்லை. துணைக்கு ஆள் இல்லை. மகன் துணைக்கு வந்தால், அன்றையக் கூலி போய்விடும்!

இதற்குத்தான் கண் சிகிச்சை முகாம்கள். ஊர்ச் சங்கங்களும் கொடையாளிகளும் இடம் கொடுத்து, செலவை ஏற்கிறார்கள். ஆபரேஷன் தேவைப்படுவோரை பஸ்சில் அழைத்துச் சென்று, சாப்பாடு போட்டு, திரும்பவும் ஊரில் கொண்டுவந்து விடுகிறார்கள். டாக்டரின் கத்திக்கு முன்னால், ஒரு நல்லவரின் கை வேலை செய்கிறது!

விரலே கண்

எல்லாப் பார்வையும் திரும்பாது. கண் நீர் அழுத்த நோயில் இழந்த பார்வை போனதுதான். அதற்காக வாழ்க்கை முடிந்துவிடுமா?

பிரான்ஸ் நாட்டில் லூயி பிரெய்ல் என்ற சிறுவன் இருந்தான். 3 வயதில், தந்தையின் பட்டறையில் ஊசி குத்திப் பார்வை போயிற்று. 1824-ல், 15-வது வயதில், அவன் ஆறு புள்ளிகளைக் கொண்டு ஒரு எழுத்துமுறையை உருவாக்கினான். இன்று தமிழையும் அந்தப் புள்ளிகளில் விரலால் தடவிப் படிக்கிறார்கள்.

பார்வையற்றவருக்கு வேண்டியது இரக்கப் பேச்சு அல்ல. ஒரு கைத்தடி, ஒரு புத்தகம், ஒரு தொழில்.

உங்கள் தெருவில் கண் மங்கிய பாட்டி ஒருவர் இருக்கலாம். அடுத்த முகாமுக்கு அவர் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். அதுவும் தர்மமே!