மீட்டர் பொய் சொல்லாது, ஒயர் சொல்லும்

மல்டிமீட்டரை ஓம் அளவுக்குத் திருப்பி, சிவப்பு, கறுப்பு புரோப்களின் முனைகளை ஒன்றோடொன்று தொட வைத்தால் திரையில் சுழியம் வர வேண்டும். பெரும்பாலும் வராது. நல்ல ஒயர் என்றால் 0.1 அல்லது 0.2 ஓம் காட்டும். மீட்டரோடு இலவசமாக வந்த மலிவு ஒயர் என்றால் அரை ஓம்கூடக் காட்டலாம். ஒயரை லேசாக ஆட்டினால் எண்ணும் சேர்ந்து ஆடும். மீட்டரில் கோளாறு எதுவும் இல்லை. அளக்க வேண்டிய பொருளோடு ஒயரையும் சேர்த்தே அது அளக்கிறது, அவ்வளவுதான்.

அரை ஓம் எந்த மூலைக்கு என்று தோன்றலாம். செல்போன் பழுது பார்ப்பவர்களின் மேசையில் அது படுத்தும் பாடு தனி. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பவர் சப்ளையிலிருந்து 3.8 வோல்ட் கொடுத்து போனை ஆன் செய்து பார்ப்பது அங்கே அன்றாட வேலை. ஆன் ஆகும் சில நொடிகளில் போன் 2 ஆம்பியர் வரை இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போகவும் வரவும் சேர்த்து அரை ஓம் மின்தடை உள்ள ஒயரில் 2 ஆம்பியர் பாய்ந்தால் 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். சப்ளையின் திரையில் 3.8 என்று நிற்கும். போர்டுக்குப் போய்ச் சேர்வதோ 2.8. பேட்டரி தீர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு போன் அணைந்துவிடும். மெக்கானிக் பவர் ஐ.சி. மீது பழியைப் போட்டு, ஹாட் ஏர் கன்னைக் கையில் எடுப்பார். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.034 ஓம்தான். அதே போனுக்கு, போகவும் வரவும் ஒவ்வொரு மீட்டர் இந்த ஒயரைப் போட்டிருந்தால் இழப்பு 0.14 வோல்ட்டோடு முடிந்திருக்கும்.

பத்து நிறங்களில் கட்டாக விற்கும் கிளிப் ஒயர்களைப் பிரித்துப் பார்த்தால் கதை விளங்கும். கிளிப்பின் ரப்பர் உறையைப் பின்னுக்கு இழுத்தால், பல நேரங்களில் உள்ளே சால்டரிங்கே இருக்காது. நாலைந்து இழைகளை மடித்து, தகட்டால் நசுக்கி விட்டிருப்பார்கள். இழைகள் செம்பு நிறத்தில் மின்னினாலும் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் அது செம்பு பூசிய இரும்பு. காந்தத்தில் ஒட்டாமல், சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியமாக இருக்க வாய்ப்பு அதிகம். கிளிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒயரை மாற்றிவிடுவதே உத்தமம்.

மாற்றுவதற்கு ஏற்றது சிலிக்கோன் உறை போட்ட ஒயர். சென்னை ரிச்சி தெரு போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளில் தேடினால் கிடைக்கும். சாதாரண பி.வி.சி. உறை, சால்டரிங் அயர்ன் பட்டதும் உருகிச் சுருண்டுவிடும். சிலிக்கோன் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்பதால் அயர்ன் உரசினாலும் அசையாது. இதைவிட முக்கியம் உள்ளே இருக்கும் இழைகள். 1 சதுர மி.மீ. வீட்டு ஒயரில் 0.3 மி.மீ. தடிமனுள்ள 14 இழைகள் இருக்கும். அதில் பாதி குறுக்களவே உள்ள 0.5 சதுர மி.மீ. சிலிக்கோன் ஒயரிலோ 0.08 மி.மீ. இழைகள் 100. ஒயரை வளைக்கும்போது இழையின் வெளிப்புறம் இழுபடுகிறது. இழை தடிமனாக இருந்தால் அந்த இழுபாடும் கூடும். அதனால்தான் மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கான முறை வளைந்தும் அறுவதில்லை. சிலிக்கோனுக்கும் ஒரு பலவீனம் உண்டு. கூர்மையான விளிம்பில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் அங்கிருந்தே கிழிந்துகொண்டு போகும்.

அறுந்த டெஸ்ட் ஒயர்களைச் சோதித்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் அறுந்திருக்கும்: ஈயம் ஏறி விறைத்த பகுதி முடிந்து, இழைகள் தளர்வாகத் தொடங்கும் இடம். சால்டர் செய்யும்போது உருகிய ஈயம் இழைகளுக்கு நடுவே நுண்புழை ஏற்றத்தால் ஊர்ந்து போகிறது. அது நின்ற இடத்தில் வளைவு முழுவதும் குவிகிறது. ஈயத்தை அளவாக வைத்து, இணைப்பையும் அதைத் தாண்டிய ஓர் அங்குல ஒயரையும் மூடும்படி ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை இரண்டு அடுக்காகப் போட்டால் ஆயுள் கூடிவிடும். மறுமுனையில் மீட்டரில் செருகும் 4 மி.மீ. பனானா பிளக். அதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், ஜெர்மனியின் ரிச்சர்ட் ஹிர்ஷ்மன் என்பார்கள். அமெரிக்காவின் ஜெனரல் ரேடியோ நிறுவனத்துக்கும் அந்த உரிமைக்கோரல் உண்டு. இரண்டு தரப்பும் காட்டும் ஆண்டு 1924தான்.

இன்றைய போன் போர்டுகளில் உள்ள புள்ளிகளைத் தொட, மீட்டரோடு வரும் மொத்தையான முனை உதவாது. கைதேர்ந்தவர்கள் நாடுவது தையல் ஊசியை. பச்சைப் பூச்சைக் குத்திக்கொண்டு உள்ளே இருக்கும் செம்பைத் தொடும் கூர்மை அதற்கு உண்டு. ஒயரின் இழைகளை ஊசியின் காதில் கோத்து முறுக்கி சால்டர் செய்தால் பிடிப்பும் உறுதி. எஃகில் ஈயம் எளிதில் ஒட்டாது. காதுப் பக்கத்தைத் தேய்த்துவிட்டு, அமிலம் கலந்த ஃப்ளக்ஸ் தடவ வேண்டும். வேலை முடிந்ததும் அதைக் கழுவாமல் விட்டால் செம்பை அரித்துவிடும். காலியான பால்பாயிண்ட் பேனாவின் உடல் கைப்பிடியாகிவிடும்.

மில்லி ஓம் அளவுக்கு இறங்கினால் எவ்வளவு நல்ல ஒயரும் போதாது. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளில் கெல்வின் பிரபு, இதற்கு வழி கண்டார். மின்சாரம் பாய இரண்டு ஒயர், மின்னழுத்தத்தை அளக்கத் தனியாக இரண்டு ஒயர். அளக்கும் ஒயர்களில் மின்சாரம் ஏறக்குறைய பாய்வதே இல்லை என்பதால் அவற்றின் மின்தடை கணக்கில் வருவதில்லை. லேப்டாப் போர்டில் ஷார்ட் ஆன கெபாசிட்டரைத் தேடும்போது, குறைந்த வோல்ட்டில் 1 ஆம்பியர் செலுத்தி, ஊசி முனைகளால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்ப்பதும் இதே தத்துவம்தான். அப்போது 1 மில்லி வோல்ட் என்றால் 1 மில்லி ஓம். எண் குறையும் திசையில் போனால் குற்றவாளி அகப்படும். இதற்கான கெல்வின் கிளிப்பில் இரண்டு தாடைகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப்பின் இரு பக்கமும் தனித்தனி செம்புத் தகடு ஒட்டி, அதைச் சில ரூபாயில் செய்துவிடலாம்.

இவ்வளவும் பேட்டரி, யு.எஸ்.பி. அளவிலான மின்சாரத்துக்குத்தான். சுவர் பிளக்கில் வரும் 230 வோல்ட்டுக்கு ஊசியும் பேனாவும் ஆகவே ஆகாது. அந்த மின்சாரத்தைத் திருத்திச் சேமிக்கும் டி.வி. பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அங்கேயே இருக்கலாம். இங்கே கடையில் வாங்கிய, 'கேட்' தரம் பொறித்த ஒயர்தான் வேண்டும். கேட் II என்பது பிளக்கில் மாட்டும் சாதனங்களுக்கு, கேட் III வீட்டு மின்பலகைக்கு, கேட் IV தெருவிலிருந்து மின்சாரம் உள்ளே வரும் இடத்துக்கு. கேட் III 600 வோல்ட் என்று பொறிக்க வேண்டுமானால், திடீரென எழும் 6000 வோல்ட் அதிர்ச்சியை அது தாங்க வேண்டும். அந்த ஒயர்களின் முனையில் வெளியே தெரியும் உலோகம் 4 மி.மீ.க்கு மேல் இருப்பதில்லை. கை நழுவினாலும் பக்கத்துக் கம்பியைத் தொட்டு ஷார்ட் ஆகாமலிருக்க இந்த ஏற்பாடு. 'கேட் III' என்று எவர் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெயர் தெரிந்த நிறுவனத்தின் ஒயருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணல்ல.

மற்ற கருவிகளிலும் எண்ணிக்கைதான் ஆளை ஏமாற்றுகிறது. நூற்றுக்கு மேல் பிட்கள் அடுக்கிய ஸ்க்ரூடிரைவர் பெட்டி பார்க்க அழகு. மலிவுப் பெட்டிகளில் எஃகு மென்மையாக இருப்பதால் சிறிய பிட்கள் முதலில் மழுங்கும், கூடவே திருகின் தலையையும் கெடுக்கும். போனுக்கும் லேப்டாப்புக்கும் அடிக்கடி தேவைப்படுவது பி.எச்.0, பி.எச்.00 என்ற இரண்டு பிலிப்ஸ் அளவுகள். அவற்றை மட்டும் தரமாக வாங்கிவிட்டு, ஐபோனின் அடிப்பக்க ஐந்திதழ்த் திருகு போன்றவற்றுக்குத் தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். சால்டரிங் அயர்னில் புதியவர்கள் ஊசி முனையைக் கேட்டு வாங்குகிறார்கள். வெப்பம் கடத்தத் தேவை பரப்பு. உளி போன்ற தட்டை முனையே வேலையைச் சீக்கிரம் முடிக்கும். 63/37 ஈயம் 183 டிகிரியில் உருகும். புதிய சாதனங்களில் உள்ள காரீயம் இல்லாத கலவை உருக சுமார் 217 டிகிரி வேண்டும். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ள அயர்ன் இந்த இரண்டுக்கும் ஈடுகொடுக்கும்.

கையாலேயே செய்துகொள்ளும் ஒரு கருவி நம்மூர் மெக்கானிக் கடைகள் பலவற்றில் தொங்கும்: சீரிஸ் பல்பு. பழுதான சாதனத்துக்குப் போகும் மின்சாரம் 100 வாட் குண்டு பல்பு வழியாகவே போகும்படி இணைத்த பலகை அது. பல்பு முழு ஒளியில் எரியும்போது இழையின் மின்தடை 529 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சாதனம் நல்ல நிலையில் இருந்தால் பல்பு ஒருகணம் மின்னி, உள்ளே கெபாசிட்டர் நிரம்பியதும் மங்கிவிடும். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து, மின்சாரத்தை அரை ஆம்பியருக்குள் கட்டிப்போடும். புதிதாகப் போட்ட பாகம் வெடிக்காமல் தப்பும். ஆனால் தொட்டவருக்கு ஷாக் அடிப்பதை இது தடுக்காது. எல்.இ.டி. பல்பைப் போட்டால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. இழை பல்பே வேண்டும். இப்போது 100 வாட் குண்டு பல்பு அரிதாகிவிட்டதால், 60 வாட் பல்புகள் இரண்டை இணையாகப் போட்டு, மிக்ஸி மாதிரி பெரிய சுமைக்கு இரண்டையும், சின்ன சார்ஜருக்கு ஒன்றையும் எரிய விடுகிறார்கள்.