தாங்கிய குழாய் இப்போது ஏன் தாங்கவில்லை?

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் வண்டிப்பாதை ஓரத்து நிலக்காரர்களுக்குத் தூக்கம் வராது. மேட்டுத் தண்ணீர் பாதைக்கு அடியில் உள்ள குழாயில் நுழைய முடியாமல் தேங்கி, வரப்பை உடைத்து, நட்ட பயிரையும் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போகிறது. 'அப்பா காலத்தில் போட்ட குழாய். அப்போது தாங்கியதே?' என்று பலர் கேட்கிறார்கள். விடை ஓர் எளிய கணக்கில் இருக்கிறது.

ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். மேட்டில் 5 ஏக்கர் இருந்து, மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் மழை கொட்டினால், 4,000 × 5 × 60 = 12 லட்சம் லிட்டர். இதை 3,600 நொடியால் வகுத்தால் நொடிக்குச் சுமார் 333 லிட்டர்.

இதில் ஒரு பங்கை மண் குடித்துவிடும். மிச்சம்தான் ஓடி வரும். மண், சரிவு, மூடாக்கைப் பொறுத்து அந்தப் பங்கு மாறும். தோராயமாக:

* புல், புதர் மூடிய தரை: 20 சதவிகிதம் – நொடிக்கு 67 லிட்டர்
* உழுத நிலம்: 40 சதவிகிதம் – 133 லிட்டர்
* வீடு, சாலை நெருங்கிய மனைப்பகுதி: 70 சதவிகிதம் – 233 லிட்டர்

200 அடிக்கு 1 அடி சரிவில் போட்ட 1 அடி விட்ட சிமென்ட் குழாயில் நொடிக்குச் சுமார் 68 லிட்டர்தான் போகும். ஒன்றரை அடிக் குழாயில் சுமார் 200 லிட்டர் போகும். மேடு புதராக இருந்தவரை பழைய குழாய் தாங்கியது. உழுததும் திணறியது. மனையானால் ஒன்றரை அடிக் குழாயும் போதாது. இரண்டு வரிசை வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

நாள் முழுதும் பெய்த அளவை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. மேட்டின் கடைசி மூலையிலிருந்து தண்ணீர் குழாய்க்கு வந்துசேரும் நேரத்துக்குள் கொட்டும் மழையே முக்கியம். 15 நிமிடத்தில் 15 மி.மீ. பெய்தாலே அது மணிக்கு 60 மி.மீ. வேகம்தான்.

குழாய் வாங்குமுன் மேட்டில் ஏறி நடந்து, யார் யார் நிலத்துத் தண்ணீர் வருகிறது என்று பாருங்கள். வண்டல் படியும் என்பதால் ஓர் அளவு பெரிதாகவே போடுங்கள். பண்ணைக்குட்டையின் வழிந்தோடிக்கும் இதே கணக்குத்தான். சம உயர வரப்பு போட்டால் ஓடி வரும் தண்ணீரே குறையும்.

பெரிய குழாய் போட்டால் கீழ்நிலத்துக்காரருக்குத் தண்ணீர் வேகமாகப் போகும். அவரையும் கூட்டி வைத்துப் பேசிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அளவெடுக்க, உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகலாம்.