‘இல்லை’ என்பதன் எல்லை

பரிசோதனைக்கூடம் ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் நாம் மறுபேச்சுப் பேசுவதில்லை. அந்த ‘இல்லை’யைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க விரும்புகிறேன்.

பிரசவ வலி கண்ட தாய்க்கு ஒரே ஒரு நெவிரபின் மாத்திரை, குழந்தைக்கு ஒருவேளை மருந்து, இவ்வளவிலேயே எச்.ஐ.வி. குழந்தைக்குத் தொற்றுவது வெகுவாகக் குறைகிறது என்று 1999இல் வெளியான உகாண்டா ஆய்வு காட்டியது. ஏழை நாடுகளுக்கு அது வரம்தான். ஆனால் நெவிரபின் ரத்தத்தைவிட்டு மெதுவாகவே நீங்கும். அந்த நாட்களில் தாயின் உடலில் மருந்துக்கு மசியாத வைரஸ்கள் தலைதூக்கின. கே103என் என்கிற ஒற்றை மாற்றமே இதற்குப் போதும். மருந்து நீங்கியதும் பழைய வைரஸ் பெருகி இவற்றைச் சிறுபான்மையாக்கியது. வழக்கமான மரபணுச் சோதனை மொத்தத்தில் சுமார் 20 சதவீதத்துக்குக் குறைவானதைப் பெரும்பாலும் தவறவிடும். அது வாசிப்பது சராசரியை. அறிக்கையில் வருவது: ‘எதிர்ப்பு இல்லை’.

2010இல் வெளியான ஓர் ஆப்பிரிக்க ஆய்வில், முன்பு அந்த ஒற்றை மாத்திரையை எடுத்திருந்த 241 பெண்கள் இருந்தனர். நெவிரபின் சேர்ந்த கூட்டுச்சிகிச்சை பெற்றவர்களில் 26 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தோற்றது, அல்லது அவர்கள் இறந்தனர். நெவிரபினுக்குப் பதில் லோபினவிர் பெற்றவர்களில் இது 8 சதவீதம். சேமித்த ரத்தத்தை நுட்பமான சோதனையால் மறுபடி பார்த்தபோது, ‘இல்லை’ என்று எழுதப்பட்ட பலரிடம் அந்தச் சிறுபான்மை இருந்தது தெரிந்தது.

ரத்தத்தில் அறவே மறைந்தாலும் அது அழிவதில்லை. உறங்கும் சிடி4 நினைவுச் செல்களே வைரஸின் மறைவிடம் என்பது 1997இலேயே உறுதியானது. வைரஸ் தன் மரபணுவைச் செல்லின் மரபணுவோடு தைத்துவிடுகிறது. பெருகும் வைரஸைத்தான் மருந்து தடுக்கும். தூங்குகிறதை அது என்ன செய்யும்? வைரஸ் ஆய்வாளர்கள் இதை ஆவணக்காப்பகம் என்கிறார்கள். உருவகம் அவர்களுடையது, என்னுடையதல்ல.

அப்போ செல்லின் டி.என்.ஏ.வையே வாசிச்சுட்டா போதாதா? போதாது. அங்கே கிடைக்கிற வைரஸ் பிரதிகளில் பெரும்பாலானவை சிதைந்தவை, இனி உயிர்க்காதவை. ஆக ‘இருக்கிறது’ என்பதற்கும் ஓர் எல்லை உண்டு.

ரத்தத்தில் வைரஸ் ‘காணப்படவில்லை’ என்பது நல்ல சேதி என்பதை நான் மறுக்கவில்லை. அந்த நிலை நீடிக்கும்வரை உறவின்வழி பிறருக்குத் தொற்றாது. ஒற்றை மாத்திரை முறையும் போய், தாய்க்கே வாழ்நாள் சிகிச்சை வந்துவிட்டது. என் கேள்வி வேறு. காணாதது கருவியின் அளவு. இல்லாதது உடலின் நிலை. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் விலை கொடுப்பவர் நோயாளி. ‘முன்னாடி ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டியாம்மா?’ என்று கேட்பதும் ஒரு பரிசோதனைதான். கருவி தவறவிட்டதை அவள் நினைவு வைத்திருக்கக்கூடும்.