திரைக்கு வந்த கதையும் நூல் மரபும்

ஒரு நாவல் திரைப்படமாக வெளிவந்தால், அதனைக் கண்டு திரும்புவோர் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: "நூலில் உள்ளபடி எடுத்திருக்கிறார்களா?" உள்ளபடி இருப்பின் மெச்சுவதும், மாறுபடின் கதையைக் கெடுத்துவிட்டார்கள் என இகழ்வதும் நம்மவர் வழக்கம். இவ்வினா தவறன்று, ஆயின் இது மட்டும் போதாது.

மேனாட்டார் இதனைத் தனியொரு கல்வித்துறையாகவே வளர்த்துள்ளனர். அமெரிக்கரான ஜோர்ஜ் புளூஸ்ரோன் 1957இல் வெளியிட்ட நூலில், சொல்லால் ஆகிய நாவல் காட்சியால் ஆகிய படமாகும்போது மாற்றம் தவிர்க்கவொண்ணாதது என நிறுவினார். கனடாப் பேராசிரியை லிண்டா ஹச்சன் 2006இல், தழுவலை மூலத்தின் தாழ்ந்த பிரதியாகக் கருதாது, தனிப் படைப்பாகவும் மதித்தல் வேண்டும் என்றார்.

தமிழர்க்கு இக்கருத்துப் புதிதன்று. நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்தும் நன்னூல். முன்னோன் கொண்ட முடிபோடு ஒத்துநின்று, தனக்கு வேண்டும் வேறுபாடுகளையும் கூறுவது வழிநூல். மூலத்தோடு ஒரு சிறிதே ஒத்து, பெரிதும் வேறுபடுவது சார்புநூல். வான்மீகியின் இராவணன் சீதையைத் தன் கைகளாற் பற்றித் தூக்கிச் செல்கின்றான். கம்பனின் இராவணனோ அவளைத் தீண்டாது, பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்துச் செல்கின்றான். இம்மாற்றத்தைப் பிழையென்பார் நம்முள் எவருளர்?

நமது திருகோணமலைக்கும் இம்மரபில் இடமுண்டு. ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிய இரட்டைச் சகோதரர் கதையொன்றைத் தழுவி, 1891இல் 'ஊசோன் பாலந்தை கதை'யைத் தந்த இன்னாசித்தம்பி இவ்வூரவரே.

இனி, மாற்றம் ஏன் நேர்கின்றது என்பதை நாமறிந்த ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல், பிரேம்நாத் மொறாயஸின் இயக்கத்தில் 1978இல் திரைக்கு வந்தது. வாடைப் பருவத்தில் நெடுந்தீவுக் கரையில் வாடியமைத்துத் தொழில் செய்ய வரும் மீனவரின் கதை அது. 'வாடை' என்று எழுதிய அளவிலே, அக்காற்றின் குளிரும் கடலின் கொந்தளிப்பும் கொட்டியாரக்குடாவை அறிந்த நமக்கு நெஞ்சில் எழும். கமராவோ காற்றைப் படம்பிடிக்க வல்லதன்று. அசையும் ஓலையையும், புடைக்கும் பாயையும், கரையேற்றிய தோணியையுமே அது காட்டும். அதுபோலவே, பாத்திரத்தின் உள்ளத்தெண்ணத்தைப் பக்கம் பக்கமாக எழுத நாவலாசிரியருக்கு இயலும். இயக்குநருக்கு முகமும் மௌனமுமே கருவி.

வழிநூலுக்கு நிகரான படம் 'கம்பெரலிய'. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 1944ஆம் ஆண்டு நாவலை லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1963இல் படமாக்கினார். தென்னிலங்கைக் கிராமத்துப் பெருங்குடும்பமொன்றின் தேய்வு என்னும் மூலப்பொருளை விடாது பற்றிய அப்படம், 1965இல் புதுடில்லித் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது பெற்றது. சார்புநூலுக்கு நிகரானது, புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து மகேந்திரன் 1979இல் ஆக்கிய 'உதிரிப்பூக்கள்'. கொடிய கணவனொருவனை ஊரார் ஒன்றுகூடி ஆற்றில் இறங்கி மாளச்செய்யும் அதன் முடிவு இயக்குநருடையதே. இவ்விரண்டையும் ஒரே கோலால் அளப்பது முறையாகுமோ?

ஆதலின், தழுவற் படத்தைக் காண்போர் முதலில் அது வழியா, சார்பா எனத் துணிதல் வேண்டும். வழியாயின், மூலத்தின் உயிர்ப்பொருள் நிலைத்ததா எனவும், சார்பாயின், பெற்ற வித்திலிருந்து புதிய மரம் எழுந்ததா எனவும் வினாவுதல் தகும். இரண்டிலும், ஒவ்வொரு மாற்றமும் கலையின் தேவையால் வந்ததா, வசூலின் தேவையால் வந்ததா என்பதையும் நோக்குக.

இது வெறும் ஏட்டாராய்ச்சியன்று. ஈழத்துத் தமிழ் நாவல்களுள் திரைகண்டவை மிகச் சிலவே. ஆராயாது இகழின் அடுத்த முயற்சி முளையிலே கருகும். ஆராயாது புகழின் படமே நூலின் இடத்தைக் கவர்ந்து, மூலம் படிப்பாரற்றுப் போகும். நம்மூர்த் த. சரவணமுத்துப்பிள்ளை நாயக்கர் கால வரலாற்றைப் பொருளாகக் கொண்டு 1895இல் எழுதிய 'மோகனாங்கி'யை இன்று நம்முட் படித்தவர் எத்துணைப் பேர்? அதனை ஒருவர் நாளை திரைக்குக் கொணரின், செம்மையான தீர்ப்பு வழங்கத் தகுதியுடையோர் நம் கல்லூரி மாணவருள் இருத்தல் வேண்டும். அத்தகுதி, மூலநூலைக் கையிலெடுத்துப் படிப்பதிலேயே தொடங்குகின்றது.